லினக்ஸ் வழங்கிகளின் அமைவடிவ மேலாண்மையில் தன்னடுக்குத் தன்மை

திறவுச்சொற்கள்: லினக்ஸ் வழங்கி, அமைவடிவ மேலாண்மை, தானியக்கம், தன்னடுக்குத் தன்மை, ஆன்சிபிள்

முன்னுரை

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் ஏறத்தாழ 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. புதிய நிரலை எட்டு வழங்கிகளில் இட வேண்டியிருந்தது. பணியாளர் ஒருவர் ஒன்றில் மட்டும் இடத் தவறினார். அதனை மற்றொருவர் சரிபார்க்கவுமில்லை. விடுபட்ட வழங்கியில் பல்லாண்டுகள் பயன்பாடற்றுக் கிடந்த பழைய நிரற்பகுதி இயங்கத் தொடங்கி, ஓயாது பங்கு ஆணைகளை அனுப்பியது. சிக்கலைத் தீர்க்க முனைந்தோர், சரியாக இருந்த ஏழு வழங்கிகளிலிருந்து புதிய நிரலை நீக்கினர். இழப்பு மேலும் பெருகியது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு ஆணை இவற்றைப் பதிவு செய்துள்ளது.

எட்டு வழங்கிகளும் ஒரே நிலையில் உள்ளனவா என்னும் எளிய வினாவுக்கு மனித நினைவை நம்பாது விடை காண்பதே அமைவடிவ மேலாண்மைத் தானியக்கத்தின் நோக்கம். அதனைக் கற்கப் புகுவோர் முதலில் இடறும் இடத்தை ஆன்சிபிள் கருவியின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஏவலும் நிலையும்

கற்போர் பெரும்பாலும் ஷெல் நிரலிலிருந்தே தொடங்குகின்றனர். மூலப் பயனர் நேரடியாக நுழைவதைத் தடுக்க, எஸ்எஸ்ஹெச் அமைவுக் கோப்பின் இறுதியில் ‘பெர்மிட்ரூட்லாகின் நோ’ என்னும் வரியைச் சேர்க்கும் நிரலை எடுத்துக்கொள்ளலாம். இருமுறை இயக்கினால் வரியும் இருமுறை இடம்பெறும். இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. எஸ்எஸ்ஹெச் சேவை ஓர் அமைவுக்கு முதலில் காணும் மதிப்பையே ஏற்கும். கோப்பின் மேற்பகுதியில் ‘யெஸ்’ என்றிருப்பின், கீழே சேர்த்த வரியால் பயனில்லை. நிரல் பிழையின்றி முடிந்திருக்கும். வாயில் திறந்தே கிடக்கும்.

ஒரு செயலை ஒருமுறை செய்தாலும் பன்முறை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருப்பது தன்னடுக்குத் தன்மை எனப்படும். இதற்குரிய ஐடம்பொட்டன்ட் என்னும் கணிதச் சொல்லை 1870இல் பெஞ்சமின் பியர்ஸ் ஆக்கினார். வழங்கி மேலாண்மையில் இக்கருத்தை வேரூன்றச் செய்தவர் மார்க் பர்கெஸ். இயற்பியலாளரான அவர், 1993இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் சிஎஃப்எஞ்சின் என்னும் கருவியை உருவாக்கினார். அதன் பின் பப்பெட், செஃப், சால்ட் ஆகியன வந்தன. 2012இல் மைக்கேல் டிஹான் ஆன்சிபிளை வெளியிட்டார். மேலாளப்படும் வழங்கியில் தனி முகவர் நிரல் எதுவும் வேண்டாது எஸ்எஸ்ஹெச் வழியே அது பணியாற்றுவதால், கற்போர்க்கு நுழைவு எளிதாகிறது.

யாமல் வடிவில் எழுதப்படும் ஆன்சிபிளின் பிளேபுக், செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை. இருக்க வேண்டியதைச் சொல்கிறது. ஒரு மென்பொருள் ‘பிரசன்ட்’, மற்றொன்று ‘ஆப்சன்ட்’ என்று நிலை குறிக்கப்படுகிறது. தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ‘நிறுவு’, ‘எழுது’, ‘நீக்கு’ என்னும் ஏவல் வினைமுற்றுகளால் ஆனது ஷெல் நிரல். ‘உளது’, ‘இலது’ என்னும் குறிப்பு வினைமுற்றுகளை ஒத்தது பிளேபுக். இவ்வொப்புமையை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல இயலாது. கருவி தன்னுள்ளே ஏவல்களையே நிறைவேற்றுகிறது. ஆயினும் வகுப்பறையில் இது பயன்தரும்.

நிலையைச் சொல்லியும் பிழைபடும் இடங்கள்

பிளேபுக் எழுதியதனாலேயே தன்னடுக்குத் தன்மை வாய்த்துவிடுவதில்லை. ஷெல் கட்டளைகளை அப்படியே பிளேபுக்கினுள் பெய்துவைப்பது கற்போரிடம் காணப்படும் பொது வழக்கம். அக்கட்டளையின் விளைவு யாதென ஆன்சிபிள் அறியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ‘மாற்றம் நிகழ்ந்தது’ என்றே அறிவிக்கும். எந்நிலையில் மாற்றமெனக் கொள்வது என்பதை எழுதுவோரே வரையறுத்தல் வேண்டும்.

முன்சொன்ன எஸ்எஸ்ஹெச் வரியையே மீண்டும் நோக்கலாம். லைன்இன்ஃபைல் என்னும் கூறு, பொருந்தும் வரிகள் பல இருப்பின் இறுதி வரியையே மாற்றும். சேவையோ முதல் வரியையே ஏற்கும். எத்தனை முறை இயக்கினும் கோப்பு மாறாது; தன்னடுக்குத் தன்மை முழுமையாக உள்ளது, பாதுகாப்பு மட்டும் இல்லை. கோப்பு முழுவதையும் வார்ப்புருவிலிருந்து ஆக்குவதே இங்குத் தகும். பழைய கோப்பின் இடத்தில் அமர்த்துமுன் புதியதன் இலக்கணத்தைச் சோதிக்கும் ‘வேலிடேட்’ தெரிவையும் சேர்த்தல் இன்றியமையாதது. ஆன்சிபிளே எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் உட்செல்கிறது. பிழையுற்ற கோப்பொன்று, தான் நுழைந்த வழியையே அடைத்துவிடும்.

நீக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. பிளேபுக்கிலிருந்து ஒரு பணியை அழித்துவிட்டால், அப்பணி முன்பு ஏற்படுத்திய மாற்றம் வழங்கியிலிருந்து அகலாது. சொல்லப்படாதது ‘இலது’ ஆகாது. ‘ஆப்சன்ட்’ என்று எழுதியாக வேண்டும்.

இரண்டாம் ஓட்டம்

பிளேபுக்கை இருமுறை தொடர்ந்து இயக்கி, இரண்டாம் முறை ‘மாற்றம் 0’ என வருகிறதா எனக் காண்பது வழக்கமான சோதனை. இச்சோதனை தேவையானதே, போதுமானதன்று. அமைவுக் கோப்பு மாறினால் மட்டும் சேவையை மறுதொடக்கம் செய்யும் பணி ஹேண்ட்லர் எனப்படும். அது இயல்பாகப் பிற பணிகள் முடிந்த பின்னரே இயங்கும். கோப்பு மாறியபின், ஹேண்ட்லர் இயங்குமுன், இடையில் வேறொரு பணி தோல்வியுற்றால் அவ்வழங்கியில் ஓட்டம் நின்றுவிடும். தோல்வியைச் சரிசெய்து மீண்டும் இயக்கும்போது கோப்பு ஏற்கெனவே புதிய நிலையில் இருப்பதால் மாற்றம் இல்லை. மாற்றம் இல்லாமையால் ஹேண்ட்லரும் அழைக்கப்படுவதில்லை. கோப்பில் புதிய அமைவு, நினைவகத்தில் பழைய அமைவு, திரையில் 0. பிழை நேரினும் ஹேண்ட்லரை இயக்கும் ‘ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்’ தெரிவும், இடையிலேயே அவற்றை இயக்கும் ‘ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ்’ பணியும் இதன்பொருட்டே உள்ளன. பாடத்திட்டம் வகுப்போர் இவற்றைப் பிற்பகுதிக்கு ஒதுக்காமல், முதல் ஹேண்ட்லரைக் கற்பிக்கும் வகுப்பிலேயே, ஒரு பணியை வேண்டுமென்றே தோல்வியுறச் செய்து காட்டுதல் நலம்.