படிப்பும் ஆராய்ச்சியே

1986ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டான் ஸ்வான்சன், பரிசோதனைக் குழாய் எதையும் கையிலெடுக்காமல், அச்சில் வெளிவந்திருந்த கட்டுரைகளைப் படித்தே ஒரு வைத்திய விஷயத்தை ஊகித்தார். குளிர் பட்டதும் விரல்களில் ரத்த ஓட்டம் குன்றி அவை வெளுத்துப்போகும் ரேனோ நோயைப் பற்றி எழுதியவர்கள், அந்நோயாளிகள் சிலரின் ரத்தம் தடித்திருப்பதைக் குறித்திருந்தார்கள். மீன் எண்ணெயைப் பற்றி எழுதியவர்களோ, அது ரத்தத்தின் தடிப்பைக் குறைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆயினும் இவ்விரு சாராரும் ஒருவர் எழுத்தை மற்றவர் எடுத்தாளவே இல்லை. இரண்டையும் இணைத்து, அவ்வெண்ணெய் இந்நோய்க்கு உதவக்கூடும் என்றார் ஸ்வான்சன். பின்னர் நோயாளிகளிடம் நடந்த ஒரு பரிசோதனை அவ்வூகத்துக்கு ஓரளவு ஆதாரமும் தந்தது.

ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட வைத்தியக் கட்டுரைகள் பிரசுரமாகும் இந்நாளில், இத்தகைய வாசிப்பு தனிமனிதருக்குச் சாத்தியமன்று. கணினியிடம் ஒப்படைக்கலாமென்றால், ஆங்கிலத்தில் ‘கேட்’ என்பது ஓரிடத்தில் பூனையாகவும், ஓரிடத்தில் ஊடுகதிர்ப் படமாகவும், மற்றோரிடத்தில் கேட்டலேஸ் என்னும் என்சைமுக்குரிய மரபணுவாகவும் நின்று அதனை நெடுங்காலம் மயக்கிவந்தது. மனிதரோ, வைத்தியம் பயிலாதவராயினும், வாக்கியத்தின் போக்கைக் கொண்டே இன்னது நோயின் பெயர், இன்னது மருந்தின் பெயர் என்று பெரும்பாலும் பிரித்தறிந்துவிடுகிறார்.

இந்தச் சாமானியத் திறமையை நம்பித்தான், கலிபோர்னியாவிலுள்ள ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஆண்ட்ரூ சூவின் குழுவினர் ‘மார்க்2க்யூர்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் சிறு ஊதியம் கொடுத்து 593 கட்டுரைச் சுருக்கங்களில் நோய்ப் பெயர்களைக் குறிக்கச் செய்தபோது, 145 பேர் ஒன்பதே நாட்களில் அவ்வேலையை முடித்தார்கள். பிறகு ஊதியமே விரும்பாத தொண்டர்களிடம் அதே பணி சென்றது. ஒரே சுருக்கத்தைப் பலரிடம் கொடுத்து, அவர்களுள் போதிய எண்ணிக்கையினர் ஒத்துக் குறித்ததையே ஏற்பது என்னும் நியதியால் தனிமனிதரின் பிழைகள் கழிந்துபோக, எஞ்சிய முடிவு நிபுணர்களின் குறிப்புகளோடு பெரிதும் பொருந்தியிருந்ததை 2016இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது.

அடுத்து அவர்கள் எடுத்துக்கொண்டது என்.ஜி.எல்.ஒய்.1 என்ற மரபணுவின் குறையால் வரும் அரிய நோய். செல்லுக்குள் பழுதுபட்ட புரதங்களிலிருந்து சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டி நீக்கும் என்சைம் இல்லாமையால், குழந்தைகளின் வளர்ச்சி தாமதப்படுகிறது. கைகால்கள் தம் வசமின்றி அசைகின்றன. அழுதாலும் கண்ணீர் வருவது அரிது. 2012இல்தான் இனங்காணப்பட்ட இந்நோயைப் பற்றி நேரடியாக எழுதப்பட்டது சொற்பமாதலால், அதற்குரிய தடயங்களை வேறு நோய்களையும் வேறு புரதங்களையும் பற்றிய எழுத்துக்களில்தான் தேடவேண்டியிருந்தது.

இத்தேடலில் தொண்டர்கள் மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. எந்தக் கட்டுரையை எதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்று நிபுணருக்குச் சுட்டினார்கள். ஆராய்ச்சியாளர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே உள்ள ஒரு நோயில், அவர்களுக்கு வாசிப்பில் மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் பரிசோதனைக்குக் கிடைக்கும் நாளாகும்.