பயமுறுத்தியது சிலந்தியா, பிரபுவா?

பால்மரக் காட்டிலோ செம்பனைக் காட்டிலோ விடியற்காலையில் சிலந்தி வலை முகத்தில் ஒட்டினால் யாருக்குத்தான் உடல் சிலிர்க்காது? குளுவாங், சிகாமட் தோட்டத்து நேயர்களுக்கு இது தெரிந்ததே. அந்தச் சிலிர்ப்பை 1842இல் கதையாக்கினார் சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஜெரமியாஸ் கொத்ஹெல்ஃப். கதையின் பெயர் 'கருப்புச் சிலந்தி'.

கொடுமைக்காரப் பிரபு ஒருவன், ஒரே மாதத்தில் நூறு பெரிய மரங்களைக் கொண்டுவந்து தன் மலைக் கோட்டைக்கு நிழற்சாலை அமைக்கும்படி குடியானவர்களுக்குக் கட்டளையிடுகிறான். தவித்து நின்றவர்களுக்குச் சாத்தான் உதவ வருகிறான். அவன் கேட்கும் கூலி, ஞானஸ்நானம் பெறாத ஒரு பச்சைக் குழந்தை! வாக்குத் தவறியதும், பேரம் பேசிய பெண்ணே கருஞ்சிலந்தியாகி ஊராரைக் கொல்கிறாள். பிரபுவும் தப்பவில்லை. கடைசியில் ஒரு தாய், தன் பிள்ளையைக் காக்க அதைக் கையால் பற்றி மரத்துளையில் அடைத்துவிட்டு உயிர் விடுகிறாள்.

படித்தவர்கள் என்ன சொன்னார்கள்? முதலில் இக்கதை அதிகம் பேசப்படவில்லை. பின்னர் பலர் சிலந்தியைப் பிளேக் நோயாகக் கண்டார்கள். உலக இலக்கியத்தில் இதைப்போல் தாம் வியந்த படைப்பு வேறு இல்லை எனும் அளவுக்குப் புகழ்ந்தார் ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான்.

தோட்டத்து மக்களுக்கோ முதலில் கண்ணில் படுவது, முடியாத வேலையைத் தலையில் கட்டிய அந்தப் பிரபுதான். அடுத்தது, பெரியவர்களின் கஷ்டத்துக்கு ஈடாக வைக்கப்பட்ட பிள்ளை. கடனுக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்திய வீடுகளை நாம் அறிவோமே!

இன்றிரவு இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குற்றம் யார் மேல் என்று அவர்களையே கேளுங்கள்.