எனிக்மாவும் அல்கிந்தியும் எங்கள் கணினி அறையும்

அனலைதீவில் படிப்பிக்கும் எனக்கு, காற்றுக்காலத்தில் ஒரு வசதி உண்டு. படகு ஓடாத நாட்களில் பிள்ளைகளோடு பாடத்திட்டத்துக்கு வெளியே கொஞ்சம் உலாவலாம். அப்படி ஒரு நாளில்தான் எனிக்மா இயந்திரத்தைப் போல இயங்கும் மென்பொருளைக் கணினியில் திறந்தோம். 'கிரிப்டூல்' என்ற இலவசத் தொகுப்பில் அதுவும் இருக்கிறது. ஒரு முறை இறக்கி நிறுவிவிட்டால் இணையம் வேண்டியதில்லை. தீவில் அது பெரிய விசயம்.

எனிக்மா என்பது இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படைகள் இரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்திய கருவி. உள்ளே 26 எழுத்துகள் கொண்ட சுழலும் சில்லுகள் மூன்று. ஒரு விசையை அழுத்தினால் சில்லு ஒரு படி நகரும். மின்சாரம் சில்லுகளுக்குள்ளே போய்த் திரும்பி வந்து வேறோர் எழுத்தின் விளக்கை எரிக்கும். மென்பொருளில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையில் சில்லுகளை வையுங்கள். திருப்பி அனுப்பும் சில்லு 'பி'. வளையங்களும் தொடக்க எழுத்துகளும் எல்லாம் 'ஏ'. வயர் செருகும் பலகையை வெறுமையாக விடுங்கள். இப்போது 'ஏ'யை ஐந்து தடவை அழுத்தினால் பி, டி, இசட், ஜி, ஓ என்று வரும். சில்லுகளைப் பழைய நிலைக்குத் திருப்பி அந்த ஐந்தையும் அழுத்தினால் மீண்டும் ஐந்து 'ஏ'. அதைப் பார்த்தபோது வகுப்பில் எழுந்த சத்தம் அதிபர் அறை வரை கேட்டது.

ஒரே எழுத்து ஐந்து வேறு எழுத்தாக மாறியதே, அங்கேதான் அல்கிந்தி வருகிறார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இந்த அறிஞர், மறைகுறிகளை உடைப்பது பற்றி அரபியில் எழுதிய நூல் இஸ்தான்புல்லில் சுவடியாகக் கிடைத்தது. அவர் வழி எளியது: அந்த மொழியில் எந்த எழுத்து அதிகம் வரும் என்று எண்ணு; மறைசெய்தியில் எந்தக் குறி அதிகம் என்று எண்ணு; இரண்டையும் பொருத்து. எண்ணிக்கையால் மறைகுறியை உடைக்கும் முறைக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய விளக்கம் இதுதான். 'சைபர்' என்ற சொல்லே பூச்சியத்தைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் பெருமை பேசி நிறுத்திவிடுகிறோம்; எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் எழுதுவதுபோல ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பத்தி ஒன்றை எழுதி எண்ணச் சொன்னேன். 'ஏ' எல்லாவற்றையும் முந்தியது. அதே பத்தியை எனிக்மாவில் போட்டால் அந்த ஏற்றத்தாழ்வு கரைந்துவிடுகிறது. அல்கிந்தியின் கணக்குக்கு அங்கே பிடி கிடைக்காது.

அப்படியானால் எப்படி உடைந்தது? ஐந்து சில்லுகளில் மூன்றைத் தெரிந்து, 10 சோடி வயர்களையும் செருகினால், வைக்கக்கூடிய விதங்கள் 159க்குப் பின்னால் 18 பூச்சியங்கள் அளவுக்கு வரும். ஆனாலும் 1932 டிசம்பரில் போலந்துக் கணிதவியலாளர் மரியான் ரெயெவ்ஸ்கி அதன் உள்வயரிங்கைக் கணக்கால் கண்டுபிடித்தார். பிறகு இங்கிலாந்தின் பிளெச்லி பார்க்கில் அலன் டியூரிங் போன்றோர் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு உதவியது இரண்டு விசயம். எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. மென்பொருளில் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் 'ஏ'க்கு 'ஏ' வராது. மற்றது மனிதரின் பழக்கம். தினமும் ஒரே வாய்பாட்டில் வானிலை அறிக்கை அனுப்பினார்கள். ஊகித்த சொல்லை மறைசெய்திக்குக் கீழே வைத்து நகர்த்த வேண்டும். மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் பிழை.

இதை வகுப்பில் இரண்டு குழுவாகச் செய்தோம். ஒரு குழு மறைத்து அனுப்ப, மற்றது உடைக்க வேண்டும். வயர் பலகை இல்லாமல், மூன்று எழுத்துத் திறப்பு மட்டும். 17,576 விதங்கள் இருக்கின்றன, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் குழுத் தலைவியின் பெயரின் முதல் மூன்று எழுத்துதான் திறப்பு! செய்தியும் 'படகு' என்றுதான் தொடங்கியது. காற்றுக்காலத்தில் இந்தத் தீவில் வேறு எதை எழுதுவார்கள்? ஜேர்மன் சிப்பாய்களிலும் சிலர் காதலியின் பெயரைத் திறப்பாக வைத்தார்கள் என்று சொன்னபோது அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இலங்கைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1942இல் சிங்கப்பூரிலிருந்து வந்த பிரித்தானியக் குறியீட்டு உடைப்பாளர்கள் கொழும்பில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில்தான் வேலை செய்தார்கள். அவர்கள் பார்த்தது எனிக்மாவை அல்ல. ஜப்பானியக் கடற்படையின் குறியீட்டுப் புத்தகத்தை. அந்த ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளானதும் அவர்கள் மொம்பாசாவுக்கு நகர்ந்தார்கள், 1943இல் திரும்பி வந்தார்கள்.

வீட்டில் பெரியவர்களின் தொலைபேசிக் கடவுச்சொல் என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டேன். சொல்லக் கூடாது என்று தெரிந்தும் பாதிப் பேர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலும் பிறந்த வருடம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடீபி இலக்கம் கேட்பவனுக்கு எந்த இயந்திரத்தையும் உடைக்கத் தேவையில்லை. நாமே வாசித்துக் கொடுக்கிறோம். அன்று மாலை மூன்று தாய்மார் கடவுச்சொல் மாற்றியதாக மறுநாள் தகவல் வந்தது. ஒருவர் புதியதை மறந்து என்னிடமே வந்தார்.

வரும் தவணையில் ஊர்காவற்றுறைப் பிள்ளைகளுக்கு மறைசெய்திகளைத் தாளில் எழுதிப் படகில் அனுப்ப இருக்கிறோம். 'படகு' என்ற சொல்லுக்கு மட்டும் தடை.