எல்லாம் அடங்கும் என்றார்கள்

"தங்குமிடம், ஆறு வேளை உணவு, படகுப் பயணம், மூன்று முறை ஸ்நோர்க்கலிங். எல்லாம் அடங்கும். ஒருவருக்கு 550 ரிங்கிட் மட்டுமே!"

கைப்பேசியில் இந்த விளம்பரத்தைப் பார்த்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். பின்னால் நீல நிறக் கடல், முன்னால் வெள்ளை மணல், நடுவே ஒரு வெள்ளைக் கட்டில். இடம், திரெங்கானுவில் உள்ள ரெடாங் தீவு.

எங்கள் வீடு கிள்ளானில். அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பாட்டி, தம்பி, நான் என மொத்தம் ஐந்து பேர். உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குப் போய்த் தங்கியிருக்கிறோமே தவிர, குடும்பமாக ஒரு தங்கும் விடுதிக்குப் போனதே இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "இந்த ஒரு தடவை எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்ப்பா" என்றேன். அப்பா மறுபேச்சு பேசவில்லை. 2,750 ரிங்கிட் சேர்க்க அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் லோரி ஓட்டினார் என்பதை அம்மாதான் பிறகு என்னிடம் சொன்னார். பதினொன்று.

தீபாவளி முடிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. நள்ளிரவில் கிளம்பி, காராக் நெடுஞ்சாலை, கிழக்குக் கரை விரைவுச்சாலை என்று இரவு முழுக்க அப்பாவே கார் ஓட்டினார். காலையில் மெராங் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். கார் பூட்டைத் திறந்து பைகளை இறக்கும்போது, பழைய கைலியில் சுற்றிய நீளமான ஒரு பொருளை அப்பா எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவருடைய தூண்டில்.

ஒவ்வொன்றாக வந்த ஏமாற்றம்

படகிலிருந்து இறங்கியதும் முதல் ஏமாற்றம். 'கடல் நோக்கிய அறை' என்று ரசீதில் அச்சிட்டிருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்த இரண்டு அறைகளும் பின்பக்கத்தில் இருந்தன. சன்னலைத் திறந்தால் ஒரு சுவரும், இரைந்துகொண்டிருக்கும் குளிர்சாதனப் பெட்டிகளும்தான் தெரிந்தன. கேட்டதற்கு, "முன்பக்க அறைகளில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது" என்றார்கள். மேல்மாடிக்கு மின்தூக்கி இல்லை. முழங்கால் வலியுள்ள பாட்டி ஒவ்வொரு படியாக ஏறினார்.

அன்று வெள்ளிக்கிழமை. பாட்டி சைவம். இரவு பஃபேயில் அவர் சாப்பிடக்கூடியது வெறும் சோறும் தர்ப்பூசணியும்தான். முட்டைக்கோஸ் பொரியல் மாதிரி ஒன்று இருந்தது. கிளறிப் பார்த்தால் உள்ளே உலர்ந்த இறால். "ஒருவேளைதானே, விடு" என்று சோற்றில் ஊறுகாயைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அம்மா கைப்பையில் ஒரு சிறிய ஊறுகாய்ப் போத்தலை வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலை ஸ்நோர்க்கலிங். முகமூடியும் மிதவைச் சட்டையும் வேண்டுமென்றால் தலைக்கு 25 ரிங்கிட் வாடகை என்றார்கள். கடல் பூங்காவுக்கான கட்டணமும் தனி. தம்பியும் நானும் மட்டும் போனோம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அழகாக இருந்தது. கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம்கூடத் தண்ணீருக்குள் கேட்டது. ஆனால் பிற்பகல் பயணம் அலை காரணமாக ரத்தானது. ஞாயிறு காலை கடல் அமைதியாக இருந்தும் படகு வரவில்லை. "பருவம் முடியப் போகிறது, படகோட்டி ஊருக்குப் போய்விட்டார்" என்று சொன்னார்கள்.

அப்பா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. "நல்லாதான் இருக்கும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சனிக்கிழமை மாலை அவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். கைலியைக்கூட அவிழ்க்கவில்லை. "மீன் பிடிக்கக் கூடாதாம். போர்டு போட்டிருக்கான்" என்றார். பிறகு கட்டிலின் கீழே தூண்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, கடற்கரையில் பாட்டியோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

ரெடாங் ஒரு கடல் பூங்கா. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ், 1994இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டருக்கு, மீன் பிடிக்கத் தடை. பவளப்பாறைகளையும் மீன்களையும் காக்க அந்தத் தடை தேவை. காலையில் நான் பார்த்து மகிழ்ந்த மீன்கள் அங்கே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

இரண்டு பட்டியல்

வீடு திரும்பிய அன்றிரவு எனக்குக் கோபம் அடங்கவில்லை. சமூக ஊடகத்தில் அந்த விடுதியைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பாதியில் அம்மா எட்டிப் பார்த்து, "திட்டினா காசு வந்துடுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை நிறுத்தியது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் அவர்களின் தவறு. வலப்பக்கம் என் தவறு.

நேர்மையாக எழுதியபோது வலப்பக்கம்தான் நீண்டது. 'முகமூடி வாடகை, கடல் பூங்காக் கட்டணம் அடங்காது' என்று பதிவுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் படிக்கவில்லை. 'வானிலையால் ரத்தாகும் பயணத்துக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்றும் இருந்தது. 'சிறப்பு உணவுத் தேவை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நான் காலியாக விட்டிருந்தேன். பாட்டி வெள்ளிக்கிழமை சைவம் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். விலை ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது என்றும் நான் யோசிக்கவில்லை. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கிழக்குக் கரைத் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் அதற்கு முன் மூடப்படும். நாங்கள் போனது பருவத்தின் கடைசி நாள்களில்.

இடப்பக்கத்தில் இரண்டே வரிகள். ஒன்று, கடல் நோக்கிய அறைக்குப் பணம் வாங்கிவிட்டு வேறு அறை கொடுத்தது. இரண்டு, கடல் அமைதியாக இருந்தும் மூன்றாவது பயணத்தை நடத்தாதது. அந்த இரண்டு வரிகளை மட்டும் வைத்து, எங்களுக்குப் பேக்கேஜ் விற்ற பயண நிறுவனத்துக்கு மலாய்மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ரசீது, விளம்பரத்தின் படம், சன்னலுக்கு வெளியே இருந்த சுவரின் படம் ஆகியவற்றை இணைத்தேன். திட்டு ஒன்றுகூட இல்லை. 500 ரிங்கிட் கேட்டேன். பதினான்கு நாளில் பதில் இல்லாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று கடைசி வரியில் குறிப்பிட்டேன்.

நண்பர்களே, இந்த மன்றத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது இது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பிரச்சினை நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். ரசீதும் படங்களும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இன்னொன்று, பயண நிறுவனங்கள் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'எது அடங்கும்' என்று அவர்களே பெரிய எழுத்தில் சொல்லிவிடுவார்கள். 'எது அடங்காது' என்று நாம்தான் கேட்க வேண்டும். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்தாவது நாள் பயண நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். மன்னிப்புக் கேட்டு 350 ரிங்கிட் தர முன்வந்தார்கள். நான் சம்மதித்தேன்.

கேட்காமல் விட்ட கேள்வி

பணத்தை அப்பாவிடம் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்க்கவில்லை. "அந்த லெட்டரைக் கொண்டா" என்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். "நீயா எழுதின? கோபமே இல்லாம எழுதியிருக்கியே" என்று சொல்லி, மடித்து லோரி உரிமம் வைக்கும் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் என் மனத்தில் இருந்ததைச் சொன்னேன். "உங்களுக்கு மீன் பிடிக்க ஆசைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ ஆசையாப் பார்த்து வெச்சிருந்த. அதுல நான் என்னத்தச் சொல்றது?"

என் தாளின் வலப்பக்கத்தில் எழுதாமல் விட்ட முதல் வரி அதுதான். இருநூறுக்கும் மேற்பட்ட முன்பின் தெரியாதவர்களின் கருத்துகளைப் படித்துத்தான் அந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். என் வீட்டில் இருக்கும் நான்கு பேரிடம் எங்கே போக ஆசை என்று நான் கேட்கவே இல்லை.

அந்த 350 ரிங்கிட்டை அம்மா பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். "அடுத்த பயணத்துக்கு" என்றார். எங்கே என்று தம்பி கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டியைப் பார்த்தேன்.

பாட்டி யோசிக்கவே இல்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் தான் பிறந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். லயன் வீடுகள் இருக்காது, மாரியம்மன் கோயிலாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றார். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இத்தனை ஆண்டுகளாக யாரும் அவரைக் கேட்டதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். சாப்பாடு வீட்டிலிருந்தே. நேற்றிரவே அப்பா தூண்டிலைக் காரில் ஏற்றிவிட்டார். அந்த வழியில் சிலாங்கூர் ஆறு ஓடுகிறது. அங்கே தடை ஏதும் உண்டா என்று இந்த முறை கேட்டுவிட்டுத்தான் போகப்போகிறேன்.