திருக்கேதாரத்துப் பனி



தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலம் திருக்கேதாரம். சுமார் 3,580 மீட்டர் உயரத்திலுள்ள அத்தலம் குளிர்காலத்தில் பனியால் மூடப்படும், நடையும் சாத்தப்படும். அப்பனி வீணாவதில்லை. அறநிலையத்தின் வைப்பு நிதிபோல் மலையில் தங்கி, கோடையில் சிறிது சிறிதாக உருகி, மந்தாகினி வழியே கங்கையைச் சேர்கிறது.

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் உலக வெப்பம் ஏறி வருகிறது. ஒரு பாகை கூடினால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். எனவே கடுங்குளிர்ச் சிகரங்களில் சில வேளை பனி மிகுதியாகவும் பெய்யலாம். ஆனால் தாழ்ந்த சரிவுகளில், பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. மழைநீர் மலையில் தங்காது, உடனே ஓடிவிடும். விழுந்த பனியும் முன்கூட்டியே உருகிவிடுகிறது.

உயர்மலையில் பெருமழை பெய்தால் நேர்வதென்ன என்பதை 2013 ஜூன் மாதம் கண்டோம். மழையும் பனியுருகிய நீரும் சேர, கேதாரத்துக்கு மேலுள்ள சோராபாரி ஏரியின் கரை உடைந்தது. அப்பேரிடரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2011இலும் 2023இலும் பெருவெள்ளம் கண்ட சிகாமட் மக்களுக்கு அத்துயரை விளக்க வேண்டியதில்லை.

முதலைத் தொடாமல் வட்டியில் அறம் செய்வது நம் முன்னோர் கண்ட முறை. மலைப்பனியும் அத்தகைய முதலே. மின்சாரத்தையும் எரிபொருளையும் அளவோடு பயன்படுத்துவது அதனைக் காக்கும் திருப்பணியாகும்.