நீந்தத் தெரியுமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் புத்திமதிகளைத் தராசில் நிறுத்துப் பார்த்தால், "பாடத்தைப் படி" என்பதைவிட "ஏரிப் பக்கம் போகாதே" என்பதுதான் கனமாக இருக்கும். பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. குளிக்கப் போன பிள்ளை திரும்பி வராத வீடுகளைப் பற்றி ஒவ்வோர் ஊரிலும் ஒரு கதை உண்டு. ஆனால் இந்தப் புத்திமதியில் ஒரு சின்னச் சங்கடம். நாம் ஏரிப் பக்கம் போகாவிட்டாலும் சில சமயங்களில் ஏரி நம் பக்கம் வந்துவிடுகிறது. 2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரை ஏறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. தென்பெண்ணை கரை புரண்டது. எட்டு மாதம் தண்ணீருக்காக ஏங்கிய ஜனங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்று தண்ணீர் வடிவதற்காக ஏங்கினார்கள்.

பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து 1993இல் பிரிந்த இந்தப் பிரதேசத்தை வறண்ட பூமி என்று ரயில் ஜன்னல் வழியாகத் தீர்மானம் செய்துகொண்டவர்கள் பலர். உண்மை வேறு. தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. புளியங்காட்டின் பெயரைத் தாங்கிய திண்டிவனத்துக்குத் தெற்கே வராக நதியை மறித்துக் கட்டிய வீடூர் அணை இருக்கிறது. ஊருக்கு ஒன்றாக ஏரிகள் கிடக்கின்றன. கிழக்கே, பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடியும் மரக்காணத்தில் உப்பளங்களைத் தாண்டினால் வங்கக் கடல். இவ்வளவு ஜலத்துக்கு நடுவில் வாழும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

முன் காலத்தில் இந்தக் கேள்விக்கு அவசியம் ஏற்படவில்லை. கவலை இறைத்த நாட்களில் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமாவோ சித்தப்பாவோ பையனைத் தூக்கிப் போடுவார். பையன் இரண்டு வாய் தண்ணீர் குடிப்பான். நாலு நாளில் மீனாகிவிடுவான். இது நாகரிகமான போதனா முறை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மேலே ஒரு பெரியவர் நின்றார். அவர் கையில் கயிறு இருந்தது. ஆழ்குழாய்கள் வந்த பிறகு கிணறுகளில் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. மாமா உத்தியோகத்துக்காகச் சென்னைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் மட்டும் கோடை விடுமுறையில், ஒருவருக்கும் சொல்லாமல், நாலைந்து பேராக ஏரிக்குப் போகிறார்கள். தடை விதிப்பதால் போக்கு நிற்பதில்லை. சொல்லிவிட்டுப் போகும் வழக்கம்தான் நின்றுபோகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் வருஷத்தில் உலகெங்கும் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். ஐந்து முதல் பதினாலு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்துக்கு இதுவே மூன்றாவது பெரிய காரணம். நம் தேசத்தில் மட்டும் வருஷத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் இவ்விதம் உயிர் இழக்கிறார்கள். ஆறு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு நீச்சலும் நீரில் தற்காத்துக்கொள்ளும் முறையும் கற்பிக்க வேண்டும் என்று அதே ஸ்தாபனம் சொல்கிறது. ஏரிப் பக்கம் போகாதே என்று அது சொல்லவில்லை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால், கிணற்றில் நீந்துவது வேறு, கரை விரிந்த நீரில் நீந்துவது வேறு. கிணற்றிலும் பட்டணத்து நீச்சல் குளத்திலும் கை சோர்ந்தால் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. ஏரியிலும் கடலிலும் சுவர் கிடையாது. கீழே பார்த்தால் கலங்கல். மேலே பார்த்தால் அலை. நேராகப் போவதாக நினைத்துக்கொண்டிருப்பவனை நீரோட்டம் நூறு கஜம் பக்கவாட்டில் தள்ளிவிடும். உடம்பின் சூட்டைக் காற்றைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் விரைவாக ஜலம் உறிஞ்சிக்கொள்கிறது. நம்முடைய வெதுவெதுப்பான தென்கடலில்கூட, பத்து மணி நேரம் கிடந்தவனுக்குப் பல் தந்தி அடிக்க ஆரம்பிக்கும். உப்பு நாக்கைத் தடிக்கச் செய்யும். மீனவர்கள் சொறி என்று சொல்லும் கூழ் போன்ற பிராணி தொட்ட இடமெல்லாம் நெருப்பு வைத்தாற்போல எரியும்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு கடலைக் கடந்தவர்கள் நம்மவரில் உண்டா? உண்டு, அதிலும் பாக் ஜலசந்தியை நீந்தியவர் வரிசையில் முதலிடம் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவருக்கே உரியது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, சுமார் 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரை சேர்ந்தார். இடையில் ஏறத்தாழ ஐம்பது கிலோ மீட்டர் கடல். அதே வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கடலைப் போக வர இரு வழியும் 51 மணி நேரத்தில் நீந்தினார். இரண்டு பகலும் இரண்டு இரவும் தூக்கமின்றிக் கடலில் கிடப்பது என்றால் என்ன என்பதை, ஓர் இரவு ரயிலில் உட்கார்ந்தபடி விழித்திருந்தவர்கள் சற்று ஊகிக்கலாம்.

இவ்விருவருக்கும் இடையில் 1966 ஏப்ரல் 5ஆம் தேதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட வங்காளத்து மிஹிர் சென், 25 மணி 36 நிமிஷத்தில் தனுஷ்கோடிக் கரையைத் தொட்டார். அவர் 1958இலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர். சுதந்திரம் பெற்ற ஒரு தேசத்தின் வாலிபர்களுக்குச் சாகஸத்தில் ருசி உண்டாக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தின் முன் டில்லி இளகியது. பாக் ஜலசந்தியில் அவருக்கு வழித்துணையாக இந்தியக் கடற்படையின் இரண்டு கப்பல்கள் சென்றன.

இந்த வழித்துணை என்ற விஷயத்தில்தான் நான் நேயர்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க விரும்புகிறேன். பத்திரிகையில் படம் போடும்போது நீந்துகிறவர் ஒருவரைத்தான் போடுகிறார்கள். படகைப் போடுவதில்லை. போட்டாலும் மூலையில் ஒரு புள்ளியாக இருக்கும். வாஸ்தவத்தில் கடல் நீச்சலில் பாதி காரியம் படகில்தான் நடக்கிறது. நீந்துகிறவனுக்குத் திசை தெரியாது, படகோட்டிக்குத் தெரியும். அவனுக்குப் பசி தெரியும். ஆனால் படகைத் தொட்டுவிட்டால் நீந்தியது அத்தனையும் கணக்கில் சேராது. ஆகையால் கயிற்றில் கட்டியோ கம்பில் மாட்டியோ ஆகாரத்தை நீட்டுகிறார்கள். மிதந்தபடியே குடித்துவிட்டு மேலே போக வேண்டும். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு எத்தனை கை வீசுகிறான் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். எண்ணிக்கை மளமளவென்று இறங்கினாலும், கேட்ட கேள்விக்குக் குழறலாகப் பதில் வந்தாலும், ஆசாமி எவ்வளவு மறுத்தாலும் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டியதுதான். குளிர் ஏறிய மூளைக்குத் தன் நிலைமை தெரியாது. எத்தனை துணை இருந்தாலும் கடல் சில சமயம் வென்றுவிடுகிறது. குமார் ஆனந்தனே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் துறந்தார்.

வாலிபர்களைக் கூட்டமாகத் திறந்த வெளிக்கு அழைத்துப் போய்ப் பழக்கும் முறையின் சரித்திரத்திலும் இந்தக் குளிர்ந்த கடல் குறுக்கிடுகிறது. இரண்டாவது மகா யுத்தத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்ப் படகுகளில் ஏறியவர்களில் கட்டுமஸ்தான இளம் மாலுமிகள் சோர்ந்து மாண்டதையும், வயதான மாலுமிகள் பிழைத்து வந்ததையும் கண்டு கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் திகைத்தார். உடல் பலம் மட்டும் போதாது, கஷ்டத்தில் நிதானமும் ஒருவரை ஒருவர் தாங்குவதும் பழக்கத்தால் வர வேண்டும் என்று அவரும் கர்ட் ஹான் என்ற ஆசிரியரும் முடிவு செய்து, 1941இல் வேல்ஸ் தேசத்துக் கடலோர ஊரான அபர்டவியில் ஒரு பள்ளியை ஆரம்பித்தார்கள். 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற பெயரில் உலகமெங்கும் பரவிய இயக்கம் அதுதான்.

நம் மாகாணத்துக்கு இந்த எண்ணம் அதற்கு முன்பே வந்தது. சாரணர் இயக்கம் 1909இல் இந்தியாவில் கால் வைத்தபோது வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கதவு திறந்தது. அந்த அநியாயத்தைச் சகியாமல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கமே ஆரம்பித்துவிட்டார். சாரணர் முகாம்களில் நீரில் இறங்குவதற்கு ஓர் எளிய வழக்கம் உண்டு. பையன்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ப்பார்கள். விசில் ஊதியவுடன் ஜோடிகள் கை கோத்து நிற்க வேண்டும். ஒரு கை வெறுமையாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். பணச் செலவு இல்லாத வைத்தியம் இது.

இந்த ஏற்பாடுகளை அலட்சியம் செய்தால் நடப்பது என்ன? 1993 மார்ச் 22ஆம் தேதி இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடாவில் பிளிமத் நகரத்துப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், ஓர் ஆசிரியருடனும் பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த இருவருடனும் சிறு துடுப்புப் படகுகளில் புறப்பட்டார்கள். இரண்டு மணி நேர உல்லாசப் பயணம் என்றுதான் உத்தேசம். காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளியது. படகுகள் கவிழ்ந்தன. பிள்ளைகள் குளிர்ந்த நீரில் மணிக்கணக்காக மிதந்தார்கள், நால்வர் இறந்தனர். அந்த நிலையத்தில் போதிய பாதுகாப்பு இல்லை என்று முன்பு அங்கே வேலை பார்த்த பயிற்சியாளர்களே நிர்வாகிக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பது பிறகு கோர்ட்டில் வெளிவந்தது. நிர்வாகி சிறை சென்றார். 1995இல் பார்லிமெண்டு தனிச் சட்டமே இயற்றியது. கவனியுங்கள்: பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போகாதே என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, அழைத்துப் போகிறவன் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும் என்றது.

வயது விஷயத்திலும் ஒரு வரம்பு வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஈரோட்டில் பிறந்து சென்னையில் நீச்சல் பழகிய குற்றாலீஸ்வரன், 1994இல் பன்னிரண்டு வயதில் பாக் ஜலசந்தியையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். ஒரே வருஷத்தில் ஆறு ஜலசந்திகளை நீந்தி மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. தமிழ்நாடு முழுவதும் அந்தப் பையனைத் தன் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடியது. அன்று நானும் பெருமைப்பட்டவன்தான். ஆனால் ஆங்கிலக் கால்வாய் நீச்சல் சங்கத்தார் பிற்பாடு பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்று விதித்தது நியாயமே. பிறரை விடக் குறைந்த வயதில் கடந்தவன் என்ற பெயருக்காக, பிள்ளைகளின் வயதை மேலும் மேலும் குறைத்துக்கொண்டு போகும் போட்டிக்கு முடிவே இராது.

வயதைத் தவிர வேறு தடைகள் உண்டு. அவற்றைப் பயிற்சியால் வெல்லலாம். 2022 மார்ச் 20ஆம் தேதி, மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை 29 கிலோ மீட்டரை 13 மணி 10 நிமிஷத்தில் நீந்தினாள். அவள் ஆட்டிசம் உள்ள பெண். தந்தை கடற்படை மாலுமி. நவரத்தினசாமி மார்ச்சில், மிஹிர் சென் ஏப்ரலில், இந்தப் பெண்ணும் மார்ச்சில் என்பது தற்செயலல்ல. வடகிழக்குப் பருவம் ஓய்ந்து தென்மேற்குப் பருவம் தொடங்குவதற்குள், அந்தக் கடல் சாந்தமாக இருக்கும் நாட்கள் அவை.

நம் ஜில்லாவில் பாக் ஜலசந்தி இல்லை. அதனால் என்ன? மழை நின்று தெளிந்த தை, மாசியில் ஓர் ஏரியைத் தேர்ந்துகொண்டு, கல்லூரித் தேசிய மாணவர் படையினரோ சாரணர்களோ இரண்டு படகுகளும் ஜோடிப் பையன்களுமாக ஆரம்பிக்கலாம். முதல் வாரம் கரையோரமாக ஐம்பது கஜம், பிறகுதான் குறுக்கே. மதகின் அருகே இறங்கக் கூடாது. உள்ளே இழுக்கும் ஜலம் மேலே அமைதியாகவே தெரியும். வண்டல் எடுத்த பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று ஊராரைக் கேட்டுக் கொடி நட வேண்டும். முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழம் வருவது இந்தப் பள்ளங்களில்தான். கழுவெளியை விட்டுவிடலாம். அது 2021 முதல் பறவைகள் சரணாலயம். நீந்துவதற்கு ஆழமும் போதாது. ஏரியைப் பலமுறை கடந்தவர்களை அடுத்த பங்குனியில் மரக்காணத்துக்கு அழைத்துப் போகலாம். அங்கே ஆசிரியரைத் தேட வேண்டியதில்லை. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று கன்னத்தில் படும் காற்றைக் கொண்டே சொல்லிவிடும் மீனவப் பெரியவர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு இறங்கலாமா என்று அவரைக் கேட்க வேண்டும். "வேண்டாம், தம்பி" என்று அவர் சொன்னால், கொண்டுபோன கட்டுச்சாதத்தைக் கரையிலேயே அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸில் திண்டிவனம் திரும்பிவிட வேண்டும்.