சேமநிதிப் பணம்: முதலில் கடன், பிறகு முதலீடு

55 வயது நிறைந்து ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கவிருக்கும் அன்பர்கள் பலர், பூசை முடிந்ததும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எதில் போட்டால் நல்லது?" யூனிட் டிரஸ்டா, நிரந்தர வைப்பா, தங்கமா என்று நீளும். "கடன் ஏதும் இருக்கிறதா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வாத்தியார் பழக்கம் விடுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் வழங்கிய இலாப ஈவு 6.30 விழுக்காடு. கடன்பற்று அட்டைக்கோ, ஒழுங்காகத் தவணை கட்டி வருவோருக்கே ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. தவறுவோருக்கு 18 வரை. சேமநிதியில் 10,000 வெள்ளி இருந்தால் அவ்வாண்டுக்கு 630 வெள்ளி வரவு. அட்டையில் 10,000 வெள்ளி நிலுவை இருந்தால், 18 விழுக்காட்டில் 1,800 வெள்ளி செலவு. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 500 வெள்ளியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்போர் உண்டு. அதில் சுமார் 150 வெள்ளி அம்மாத வட்டிக்கே போய்விடுகிறது. ஆண்டுக்கு 18 விழுக்காடு உறுதியாகத் தருவேன் என்று எவரேனும் முதலீடு கேட்டு வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அட்டைக் கடனை அடைப்பவருக்கு அந்த 18 விழுக்காடு சந்தேகமின்றி மிச்சம்.

எல்லாக் கடனும் ஒன்றல்ல. வீட்டுக் கடனின் வட்டி சேமநிதி ஈவைவிடக் குறைவாக இருந்தால் அவசரம் வேண்டாம். கடனுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். மீதிப் பணத்துக்கு 100 வயது வரை ஈவு உண்டு. சேமநிதியில் இருக்கும் வரை அப்பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் சட்டப்படி கைப்பற்ற முடியாது. வங்கிக் கணக்குக்கு மாறியபின் அந்தப் பாதுகாப்பு இல்லை. 55 வயது ஆகாதவர்கள், 2024 மே மாதம் தொடங்கிய 'அக்காவுன் ஃபிளெக்சிபெல்' கணக்கில் உள்ளதைக் கொண்டு அட்டை நிலுவையைக் குறைக்கலாம். அடைத்தபின் அட்டையை ரத்துச் செய்துவிடுவது உத்தமம். இல்லாவிட்டால் ஓராண்டில் பழைய நிலைதான்.

கோயில் நிர்வாகத்தில் இருந்துகொண்டு இதையும் சொல்லத்தான் வேண்டும். அட்டையில் கடனை வைத்துக்கொண்டு சேமநிதிப் பணத்தில் பெரிய உபயம் எழுதிக் கொடுக்காதீர்கள். அடுத்த ஆண்டும் திருவிழா வரும்.

கடன் பல இடங்களில் சிதறிக் கிடந்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தில் இலவச ஆலோசனை பெறலாம். எல்லா நிலுவைப் பட்டியல்களையும் கையோடு கொண்டு போங்கள்.